பொம்மையின் முதுகைப் பாருங்கள்

(பத்தாம் வகுப்பு, 'ஆ' பிரிவு)

பழைய பொருள் ஒன்று கையில் கிடைத்தால் நம்மவர் கேட்கும் கேள்விகள் மூன்று. "என்ன விலை போகும்?" என்பது முதற்கேள்வி. "எத்தனை வருஷத்துப் பழசு?" என்பது இரண்டாவது. "இது என்ன பொருள், யார் செய்தது?" என்பது மூன்றாவது. ஆனால் மூன்றாவது கேள்வி வரைக்கும் யாரும் பொறுமையோடு காத்திருப்பதில்லை. இந்த வரிசை தலைகீழாக இருக்கிறது என்பதே என் கருத்து. பொருள் இன்னதென்று தெரியாமல் அதற்கு விலையும் வயதும் சொல்வது, ஆளைப் பார்க்காமலே சட்டை தைப்பதைப் போன்றது.

இதை நான் ஒரு மரப்பொம்மையை வைத்துச் சொல்கின்றேன். சென்ற கோடை விடுமுறையில் கோழிக்கூட்டுக்குக் கம்பிவலை வாங்க அப்பாவுடன் கும்மிடிப்பூண்டியில் ஒரு காயலான் கடைக்குப் போயிருந்தேன். தொழிற்பேட்டையிலிருந்து வரும் இரும்புத் துண்டுகள், தகரப் பீப்பாய்கள், உடைந்த பிளாஸ்டிக் நாற்காலிகள் இவற்றுக்கு நடுவே ஒரு சாக்கு மூட்டை கிடந்தது. அதில் அகப்பைக் காம்புகள், ஒரு பல்லாங்குழிப் பலகையின் பாதி, இவற்றோடு ஒரு சாண் உயரத்தில் ஒரு பெண் பொம்மை. உடம்பெல்லாம் பச்சைப் பெயிண்ட். மூக்கு இல்லை. "அது அடுப்புக்குப் போற கட்டை, பாப்பா. வேணும்னா இருபது ரூபா குடுத்துட்டு எடுத்துக்கோ" என்றார் கடைக்காரர். யாரோ ஒரு வீட்டைக் காலி செய்தபோது வந்த மூட்டையாம். எந்த ஊர், எந்த வீடு என்று கேட்டேன். நாளுக்குப் பத்து மூட்டை வருகிற கடையில் அதை யார் நினைவில் வைத்துக்கொள்வார்கள்?

வீட்டுக்கு வந்தபின் அந்தப் பொம்மைக்கு ஒரே மாலையில் நான்கு பெயர்கள் கிடைத்தன. அப்பா, "திருப்பதிப் பொம்மை" என்றார். சித்தி, "சென்னபட்டணம் பொம்மை, பெங்களூர் போகிற வழியில் விற்பார்கள்" என்றார். கல்லூரியில் படிக்கும் பக்கத்து வீட்டு அண்ணன், பெயிண்ட் உதிர்ந்த இடம் கறுத்திருப்பதைப் பார்த்து, "இது ஆப்பிரிக்கா" என்று தீர்ப்பே கூறிவிட்டார். எங்கள் ஆயா மட்டும் அதைத் தொடவில்லை. "மூக்கு போன பொம்மைய எவளாவது வீட்டுக்குள்ள கொண்டாருவாளா? எவனோ எதுக்கோ வச்சதா இருக்கும். ஏரியில போட்டுட்டு வந்து தலை முழுகு" என்றார்.

தோழியரே, இதைச் சிரிப்பதற்காகச் சொல்லவில்லை. ஒரு பொருள் இன்னதென்று தெரியாவிட்டால் அதற்கு என்ன கதி நேரும் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டாம். காயலான் கடையில் அது விறகு. எங்கள் வீட்டில் அது பில்லி சூனியம். இரண்டு இடத்திலும் அது அழிந்திருக்கும்.

எங்களுக்குக் கைவேலை கற்பிக்கும் சிஸ்டர் ஒரு வழி சொன்னார்கள்: "முகத்தைப் பார்த்து ஏமாறாதே. முகத்தை எல்லோரும் மாற்றுவார்கள். முதுகையும் அடியையும் யாரும் மாற்றமாட்டார்கள்." இது பொம்மைக்கு மட்டுமன்றி வேறு பலவற்றுக்கும் பொருந்தும். நம் மாவட்டத்திலேயே ஒரு நல்ல எடுத்துக்காட்டு இருக்கிறது. 1863-ஆம் ஆண்டு இராபர்ட் புரூஸ் ஃபூட் என்ற நிலவியலாளர் பல்லாவரத்திலும், பின்னர் அதே ஆண்டில் பூண்டிக்கு அருகிலுள்ள அத்திரம்பாக்கத்திலும் சில கற்களைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தார். ஆடு மேய்ப்பவர்கள் மிதித்து நடந்த கற்கள்தாம் அவை. ஆனால் அவற்றின் விளிம்பில் மனிதக்கை செதுக்கிய அடையாளத்தை அவர் கண்டார். கற்கால மனிதரின் கைக்கோடரிகள் என்று உலகம் அவற்றை அறிந்தது அதன் பிறகே. கல் அன்றும் அதே கல்தான். திருப்பிப் பார்த்த கைதான் புதியது.

நானும் திருப்பிப் பார்த்தேன். பொம்மையின் முதுகு, சப்பாத்திப் பலகையைப் போலத் தட்டையாக இருந்தது. முன்புறத்தில் முகம், மார்பு, கொசுவம் எல்லாம் செதுக்கியவர், பின்புறத்தை இழைத்து மட்டும் விட்டிருக்கிறார். கைகள் உடம்போடு ஒட்டியிருந்தன. ஒட்டுப்போட்ட இடமோ, ஆணியோ, மூட்டோ எங்குமே இல்லை. ஒரே கட்டையில் செதுக்கியது. பாதத்தின் அடியில் பெயிண்ட் இல்லை. அங்கே மரம் கருஞ்சிவப்பாக, முற்றிய கோவைப்பழம் காய்ந்தாற்போல் இருந்தது. எல்லாவற்றுக்கும் மேலாக அதன் கனம்! அந்த அளவுக்கு வேறு மரத்தில் செய்திருந்தால் அதில் பாதி கனம்கூட இராது.

இனி, நான்கு பெயர்களையும் ஒவ்வொன்றாக நிறுத்துப் பார்க்கலாம். சென்னபட்டணம் பொம்மைகள் கடைசலில் சுற்றவிட்டுச் செய்யப்படுபவை. ஆகவே உடம்பு உருண்டையாக இருக்கும், அரக்குச் சாயம் பளபளக்கும். தட்டையான முதுகு கடைசலில் வராது. ஆந்திராவின் கொண்டபள்ளிப் பொம்மைகளா என்றால், அவை வெளுத்த, மிக இலேசான மரத்தில் செய்யப்படுபவை. கை, கால், தலை என்று தனித்தனியாகச் செய்து, புளியங்கொட்டை மாவும் மரத்தூளும் கலந்த பசையால் ஒட்டுவார்கள். எங்கள் பொம்மையில் ஒட்டும் இல்லை, இலேசும் இல்லை. தஞ்சாவூர்த் தலையாட்டிப் பொம்மையோ காகிதக் கூழாலும் களிமண்ணாலும் ஆனது. அதன் உருண்டை அடியில் கனம் இருப்பதால் சாய்த்தாலும் நிமிரும். பண்ருட்டிப் பொம்மையும் சென்னைக் கொசப்பேட்டைக் கொலுப் பொம்மையும் மண்ணாலோ கூழாலோ ஆனவை. உடைந்தால் உள்ளே வெளுப்போ செம்மண்ணோ தெரியும். ஆப்பிரிக்கா என்று தீர்ப்பளித்த அண்ணனுக்கு ஒரே பதில்தான்: பொம்மை சேலை கட்டியிருக்கிறது!

மிச்சம் இருந்தது அப்பா சொன்னது. அது பாதி சரி. ஒரே கட்டையில் செதுக்கிய உடல், தட்டை முதுகு, ஒட்டிய கைகள், கனத்த செம்மரம் என்ற நான்கும் ஒன்று சேர்ந்தால் அதற்கு நம் தமிழில் ஒரு பெயர் இருக்கிறது: மரப்பாச்சி. செம்மரம் விளையும் சேஷாசல மலைத்தொடர் திருப்பதிக்கு மேலே இருப்பதால், மலைக்குப் போனவர்கள் அங்கிருந்து இதை ஜோடியாக வாங்கி வருவது வழக்கமாயிருந்தது. அப்பா ஊரின் பெயரைச் சொன்னார். பொருளின் பெயர் அவருக்குத் தெரியவில்லை, அவ்வளவே.

எங்கள் தெருவில் ஆண்டுதோறும் கொலு வைக்கும் பாட்டி ஒருவர் இருக்கிறார். பொம்மையை அவரிடம் கொண்டுபோனேன். அவர் ஒன்றும் பேசாமல் உள்ளே போய், பரணிலிருந்த டிரங்குப் பெட்டியைத் தன் மகனை விட்டு இறக்கச் சொல்லி, வெள்ளைத் துணியில் சுற்றிய தமது ஜோடியை எடுத்து வந்து எங்கள் பொம்மையின் பக்கத்தில் குப்புறப் படுக்க வைத்தார். மூன்று முதுகும் ஒரே மாதிரி இருந்தன. "கல்யாணத்தப்போ எங்கம்மா குடுத்தது. மொதல் கொலுவுல படியில மொதல்ல ஏறினது இவங்க ரெண்டு பேருந்தான்" என்றார். பிறகு எங்கள் பொம்மையைக் கையில் எடுத்துக்கொண்டு, "இவளோட ஆம்படையான் எங்கே?" என்று கேட்டார். அதுவரை எனக்கு அந்த எண்ணமே தோன்றவில்லை. மரப்பாச்சி ஆணும் பெண்ணுமாக ஜோடியாகவே கொடுக்கப்படும். இவள் தனியாக வந்திருக்கிறாள்.

பெயரைப் பற்றியும் ஒரு வார்த்தை. 'மரப்பாவை' என்பதே பேச்சில் மரப்பாச்சி ஆயிற்று என்பார்கள். மரப்பாவை என்ற சொல் திருக்குறளிலேயே வருகிறது; அங்கே அது கயிற்றால் ஆட்டப்படும் பாவையைக் குறிக்கிறது. சங்க நூல்களில் சிறுமியர் கடற்கரை ஈரமணலில் செய்யும் வண்டற்பாவையும், கோரைப்புல்லில் முடையும் பாவையும் வருகின்றன. அவையெல்லாம் அலையிலும் வெயிலிலும் அன்றே அழிந்திருக்கும். செம்மரத்தில் செய்தது மட்டும் காயலான் கடை வரைக்கும் நடந்து வந்திருக்கிறது.

உங்களில் சிலருக்கு மரப்பொம்மை அன்றி வேறு பொம்மையும் கிடைக்கலாம். அவற்றிலும் முதுகையும் பிடரியையும் பார்ப்பதே வழி. ஆனால் எழுத்தைக் கண்டவுடன் குதிக்கக்கூடாது. பீங்கான் தலையுள்ள ஜெர்மன் பொம்மையின் பிடரியில் 390 என்றிருந்தால் அது ஆண்டும் அன்று, விலையும் அன்று. ஆர்மண்ட் மார்சேய் என்ற கம்பெனியின் அச்சு எண். பார்பி பொம்மை முதன்முதலில் 1959-இல் வெளிவந்தது. பல பார்பிகளின் முதுகில் 1966 என்று பொறித்திருக்கும். அது அந்த உடலின் அச்சுக்கு உரிமை பெற்ற ஆண்டே தவிர, பொம்மை பிறந்த ஆண்டன்று. அதே எண்ணோடு 1990-களில் செய்த பொம்மைகளும் உண்டு. ஜப்பான் என்ற பெயரோடு 'ஆக்கிரமிக்கப்பட்ட' என்ற சொல்லும் ஆங்கிலத்தில் இருந்தால், அது நல்ல சாட்சி. இரண்டாம் உலகப் போருக்குப்பின் 1945 முதல் 1952 வரை அந்நாடு நேச நாட்டுப் படைகளின் ஆளுகையில் இருந்த காலத்தில் செய்து ஏற்றுமதி செய்தது என்று கொள்ளலாம். இலேசான, மெல்லிய, மஞ்சள் பாரித்த பொம்மையை விரலால் சூடு பறக்கத் தேய்த்து முகர்ந்தால் கற்பூர வாசனை வருகிறதா? அது செல்லுலாய்டு, அதைச் செய்யக் கற்பூரமும் சேர்ப்பார்கள். கற்பூரத்தைப் போலவே எளிதில் தீப்பற்றும். ஆகவே கொலுவில் விளக்குக்குப் பக்கத்தில் வைத்துவிடாதீர்கள்!

இனி வயது. எங்கள் பொம்மையைப் பார்த்தவர்களில் ஆறு பேர் "நூறு வருஷம் இருக்கும்" என்றார்கள். நம் ஊரில் பழைய பொருள் எல்லாவற்றுக்கும் நூறு வருஷம்தான். கிணறு, கதவு, ஊறுகாய் ஜாடி, எல்லாமே நூறு. நான் இதை ஒப்பமாட்டேன். மரப்பாச்சி ஒரே மாதிரியாகப் பல தலைமுறைகளாகச் செய்யப்பட்டு வந்திருக்கிறது. உருவத்தைப் பார்த்து ஆண்டு சொல்ல இயலாது. ஆனால் முன்பின் சொல்லலாம். மூக்கு உடைந்த குழியின் மேலும் பச்சைப் பெயிண்ட் படிந்திருக்கிறது. எனவே முதலில் மூக்கு உடைந்தது, பிறகுதான் பெயிண்ட் அடித்தார்கள். தலை உச்சியில் பெயிண்டுக்கு அடியிலேயே சின்னச் சின்னப் பல்தடங்கள் இருக்கின்றன. பல் முளைக்கிற குழந்தை ஒன்று கடித்திருக்கிறது. மரப்பாச்சியைக் குழந்தை கடித்தால் நல்லது என்று அக்காலத்தில் கையில் கொடுப்பார்களாம். அப்புறம் இடுப்புப் பக்கத்தில் பெயிண்ட் தேய்ந்திருக்கிறது. ஆகவே பெயிண்ட் அடித்த பின்பும் யாரோ ஒரு பிள்ளை இதை இடுப்பில் பிடித்து விளையாடியிருக்கிறது. கடித்த குழந்தையும் பிடித்த குழந்தையும் ஒன்றாகவே இருக்கலாம். தாயும் மகளுமாகவும் இருக்கலாம். பொம்மை இவ்வளவு சொல்கிறது. 'நூறு வருஷம்' என்ற ஒரே சொல்லைச் சொல்லி இதையெல்லாம் மூடிவிடுகிறோம்.

அந்தப் பொய்யால் யாருக்கு என்ன நட்டம் என்று கேட்கலாம். நட்டம் உண்டு. எங்கள் உறவினர் ஒருவர், புதிதாக ஓர் ஆண் பொம்மையைச் செய்யச் சொல்லி, எண்ணெய் தடவிக் கறுப்பாக்கி, இதோடு சேர்த்து 'நூறு வருஷத்து ஜோடி' என்று சென்னையில் விற்றால் நல்ல காசு என்று யோசனை கூறினார். விளையாட்டாகத்தான் சொன்னார் என்று அம்மா சமாதானம் செய்தார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. இப்போது மரப்பாச்சி என்ற பெயரில் வேறு மரங்களில் செய்து சாயம் ஏற்றியவையும் விற்கின்றன. அதை வேறு மரம் என்று சொல்லி விற்றால் ஒரு தவறும் இல்லை. விளையாடும் குழந்தைக்கு எல்லா மரமும் ஒன்றுதான். பொய் சொல்லி விற்பதுதான் தவறு. அவ்வாறு விற்ற பொம்மையால், உண்மையான பொம்மையைக் கொண்டுவருகிறவளையும் அடுத்த முறை யாரும் நம்பமாட்டார்கள்.

செம்மரம் ஏன் கிடைப்பதில்லை என்பதும் நம் மாவட்டத்தாருக்குத் தெரியாததன்று. எல்லைச் சோதனைச் சாவடியில் லாரியோடு பிடிபட்ட கட்டைகளைச் செய்தித்தாளில் பார்க்கின்றோம். இயல்பாக ஆந்திராவின் தென்பகுதி மலைகளில் மட்டுமே பெரும்பாலும் வளரும் இந்த மரத்தை வெளிநாட்டு ஆசைக்காக வெட்டித் தீர்த்ததால், 1995 முதல் இது பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் இருக்கிறது. 2015-ஆம் ஆண்டு ஏப்ரல் 7 அன்று சேஷாசலக் காட்டில் செம்மரம் வெட்ட வந்தவர்கள் என்று 20 பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அவர்கள் தமிழ்நாட்டுக் கூலித் தொழிலாளர்கள். ஒரு சாண் கட்டையில் பெண் ஒருத்தியைச் செதுக்கி மகளுக்குச் சீராகக் கொடுத்த அதே மரம்தான். பொம்மையைக் கையில் எடுக்கும்போது சில நாட்களில் இந்த நினைவும் எனக்கு வருகிறது.

இப்போது வீட்டில் நடக்கும் விவாதத்துக்கு வருகின்றேன். சித்தி பொம்மைக்குப் புதுப் பெயிண்ட் அடித்து, எம்சீல் வைத்து மூக்குப் பிடித்து, கண் எழுதி அழகாக்க வேண்டும் என்கிறார். என் வகுப்புத் தோழி ஒருத்தி, பிளேடால் சுரண்டிப் பச்சையை எடுத்துவிட்டால் செம்மரம் தெரியும் என்கிறாள். இன்னொருத்தி, செம்மரத்தின் வைரக்கட்டை தண்ணீரில் மூழ்கும், வாளியில் போட்டுப் பார் என்கிறாள். மூழ்கும் என்பது உண்மையே. ஆயினும் நான் மூன்றுக்கும் சம்மதிக்கவில்லை. தண்ணீரில் ஊறினால் பழைய மரம் வெடிக்கும். சுரண்டினால் பல்தடம் போய்விடும். பெயிண்ட் அடித்தால் எது முன், எது பின் என்று சொல்லும் சாட்சியே மறைந்துவிடும். உலர்ந்த துணியால் துடைத்தேன், அது போதும்.

அதற்காகக் கண்ணாடிப் பெட்டியில் பூட்டிவைக்க வேண்டும் என்பவளும் அல்லேன். டில்லியில் ஓவியர் சங்கர் 1965-இல் நிறுவிய பொம்மை அருங்காட்சியகத்தில் ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட பொம்மைகள் உண்டு. ஹங்கேரி நாட்டுத் தூதர் கொடுத்த ஒரே ஒரு பொம்மையைக் கண்டு எழுந்த ஆசையில் அது தொடங்கியது. அங்கே ஒவ்வொரு பொம்மையும் இன்ன நாடு என்ற விவரத்தோடு நிற்கிறது. அந்த விவரத்தை நாமும் வீட்டிலேயே எழுதிவைக்கலாம் அல்லவா? அதற்குக் கண்ணாடியும் வேண்டாம், காவலரும் வேண்டாம். பாதி நோட்டுத்தாள் போதும். யார் கொடுத்தது, எப்போது, எந்த ஊரில் வாங்கியது என்று உங்கள் பாட்டியிடம் இப்போதே கேட்டு எழுதி, பொம்மையைச் சுற்றிய துணிக்குள் வையுங்கள். வீட்டைக் காலி செய்யும் நாளில் கேட்க நேரம் இராது. கேட்டுச் சொல்ல ஆளும் இராது.

சென்னையில் மூர் மார்க்கெட் என்ற பழைய பொருள் சந்தை இருந்ததாம், 1985-இல் எரிந்துபோயிற்று. நம் கும்மிடிப்பூண்டி மின்சார ரயில் சென்னையில் போய் நிற்கும் கட்டடத்துக்கு இன்றும் அதன் பெயர்தான். அங்கே புத்தகமானாலும் பொம்மையானாலும் இன்ன பொருள் என்று பேரம் பேசி விற்றார்கள். காயலான் கடையில் எல்லாம் கிலோ. தராசுத் தட்டில் ஏறியபின் கல்யாணச் சீருக்கும் விறகுக்கும் வேறுபாடு இல்லை. கடைக்காரரைக் குறை சொல்ல நான் வரவில்லை. அவர் தம் தொழிலைச் செய்கிறார். மூட்டை கட்டியவர்கள்தாம் ஒரு சீட்டு எழுதியிருக்கலாம்.

எங்கள் பொம்மைக்கு நான் எழுதிய சீட்டில் நான்கு வரிகள் உள்ளன. மரப்பாச்சி, பெண், செம்மரம். கும்மிடிப்பூண்டி காயலான் கடையில் 20 ரூபாய்க்கு வாங்கியது. மூக்கு உடைந்தது பெயிண்டுக்கு முன். ஜோடி இல்லை. பெயர் தெரிந்த மறுநாள் ஆயா தம் பழைய சுங்கடிச் சேலையின் முந்தானையைக் கிழித்து அதற்கு உடுத்திவிட்டார். இப்போது என் தங்கை அதோடுதான் தூங்குகிறாள்.

இதைப் படிக்கும் தோழியர் வீட்டில், கும்மிடிப்பூண்டி, கவரைப்பேட்டை, பொன்னேரி, திருவள்ளூர் எங்கேயானாலும், ஒரு சாண் உயரமுள்ள ஆண் மரப்பாச்சி ஒன்று தனியாகக் கிடக்குமானால், அதன் தலையில் பச்சைப் பெயிண்ட் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் ஒருநாள் பள்ளிக்குக் கொண்டுவாருங்கள். விலைக்குக் கேட்கமாட்டேன். இரண்டையும் குப்புறப் படுக்க வைத்து முதுகைப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான்.